செல்லப்பிராணி தகன நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்பது: எதைக் கட்ட வேண்டும், எங்கே உடையும்

கேள்வி இது: எக்செலிலும் வெள்ளைப் பலகையிலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செல்லப்பிராணி தகன நிறுவனம், அந்த வேலையை மென்பொருளாக்கித் தரச் சொல்கிறது. ஒரு தடவை செய்து கொடுத்துவிட்டு நகர்வதா, இல்லை இதையே மற்ற தகன நிறுவனங்களுக்கும் சந்தாவுக்கு விற்கும் தொழிலாக்கலாமா? ஆக்கினால் எதில் தொடங்குவது?

தொழிலாக்கலாம், இரண்டு மூன்று பேர் நன்றாகப் பிழைக்கும் அளவுக்கு. இந்தத் துறையில் நிறுவனங்களே குறைவு. நூறு மடங்கு வளர்ச்சிக் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. ஆனால் உங்கள் மென்பொருளுக்குள் ஒரு தடவை வந்துவிட்ட நிறுவனம் லேசில் வெளியே போகாது. மாற வேண்டுமென்றால் ஃப்ரீசரில் கிடக்கும் ஒவ்வொரு உடலையும் மறுபடி பதிய வேண்டும். அதற்கு யாருக்கும் மனம் வராது.

அவர்கள் காசு கொடுப்பது எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். "இந்தச் சாம்பல் எங்க நாயோடதுதானா?" என்று ஒருவர் கேட்பார், சில நேரம் ஒரு வருடம் கழித்துக்கூட. யார், எப்போது, எந்த இடத்தில், எந்த எண்ணோடு அந்த உடலைக் கையாண்டார்கள் என்று அப்போது திரையில் காட்ட முடிய வேண்டும். பில், ரிப்போர்ட், கலர் கலரான வரைபடம் எல்லாம் அதற்குப் பிறகு. பெரும்பாலானோர் பில்லிங்கில் தொடங்குகிறார்கள், தெரிந்த வேலை என்பதால். பிறகு அதற்கு அடியில் கைமாற்றுத் தொடரை, அதாவது உடல் யார் யார் கை மாறிப் போனது என்ற இந்தப் பதிவு வரிசையை, செருகப் பார்த்தால் டேட்டாபேஸ் இடம் கொடுக்காது.

முதலில் தகன வகை. உலையில் ஒரே ஒரு பிராணியை மட்டும் வைப்பது ஒன்று. ஒரே உலையில் பல பிராணிகளை இடைவெளி விட்டோ செங்கல் தடுப்பு வைத்தோ எரித்து, சாம்பலைத் தனித்தனியாக எடுப்பது இரண்டாவது. எல்லாவற்றையும் சேர்த்து எரித்து, சாம்பலைத் திருப்பித் தராத கூட்டுத் தகனம் மூன்றாவது. சிக்கல் என்னவென்றால், 'தனித் தகனம்' என்ற பெயரில் முதல் வகையையும் விற்கிறார்கள், இரண்டாவதையும் விற்கிறார்கள். வாடிக்கையாளர் கண்ணில் படும் பெயரை அந்தந்த நிறுவனம் வைத்துக்கொள்ளட்டும். உள்ளே இந்த மூன்று வகையும் மாற்ற முடியாத மதிப்புகளாக இருக்கட்டும். சான்றிதழில் அச்சாகும் வாசகம் உள் மதிப்பிலிருந்து வர வேண்டும். தடுப்பு வைத்து எரித்ததை 'தனியாக எரித்தோம்' என்று அச்சடித்துத் தருவது உங்கள் மென்பொருள் சொல்லும் பொய். வழக்கு வந்தால் அந்தத் தாள்தான் முதலில் மேசைக்கு வரும்.

அடுத்தது எண். பிராணியின் பெயரை அடையாளமாக வைக்கவே கூடாது. ஒரே நாளில் ஒரே பெயரில் மூன்று நாய் வரும்; உரிமையாளர் பெயரும் உடலைக் கொடுத்தனுப்பும் கால்நடை கிளினிக்கில் ஒரு விதமாக, அதை எடுத்து வரும் டிரைவர் கையெழுத்தில் வேறு விதமாக இருக்கும். பையை மூடும் இடத்திலேயே, அதாவது கிளினிக்கிலேயே, எண் ஒட்டப்பட வேண்டும். இதற்கு எளிய வழி, தொடர் எண் அச்சடித்த டேக் கட்டுகளை கிளினிக்குகளுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவது. எந்தக் கட்டு எந்த கிளினிக்குக்குப் போனது என்று பதிந்து வைத்தால், ஆர்டரே இல்லாமல் வந்து சேரும் பைகூட எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

லேபிளில் சிக்கனம் வேண்டாம். ரிப்பன் இல்லாமல் சூட்டிலேயே கறுக்கும் மலிவு லேபிள், கொழுப்பும் ஆல்கஹால் கிருமிநாசினியும் பட்டால் மங்கிப் படிக்க முடியாமல் போகும். பாலிப்ரொப்பிலீன் லேபிள், ரெசின் ரிப்பன், ஃப்ரீசருக்கென்றே வரும் பசை: இந்த மூன்றும் சேர்ந்தால் நிற்கும். அதுவும் பை உறைவதற்கு முன்னால் ஒட்ட வேண்டும். பனி படிந்த பைமேல் ஒட்டியது கீழே விழுந்து, ஃப்ரீசர் தரையில் நான்கு லேபிளும் நான்கு பையும் தனித்தனியாகக் கிடந்தால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. கியூஆர் குறியீட்டை 25 அல்லது 30 சதவீதம் சேதம் தாங்கும் பிழைதிருத்த நிலையில் அச்சடியுங்கள். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் எண்ணும் இருக்கட்டும்.

உலைக்குள் லேபிள் போக முடியாது. எண் குத்திய உலோக வில்லைதான் உடலோடு போகும். உலை பெரும்பாலும் 760 முதல் 980 டிகிரி செல்சியஸில் ஓடும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும். பித்தளை 900 முதல் 940 வரை, அதாவது ஒரு நாள் தப்பும், ஒரு நாள் தப்பாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 1,400 டிகிரி வரை தாங்கும் என்பதால் அதுதான் சரி. காரநீரில் கரைக்கும் முறைக்கும், அக்வாமேஷன் என்று சொல்வார்களே, அதற்கும் இதே வில்லைதான். அங்கே உருகும் பயம் இல்லை. ஆனால் அலுமினியம் காரத்தில் அரித்தே போய்விடும்.

ஸ்டீல் வில்லை உருகாதே தவிர, கறுத்துப்போகும். மேலே அச்சடித்த பார்கோடு எதுவும் மிஞ்சாது. ஆழமாகக் குத்திய எண் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே உலையிலிருந்து வெளியே எடுத்த பிறகு நடப்பது ஸ்கேன் அல்ல, மனிதக் கண் எண்ணைப் படித்துத் தட்டுவது. பிழை நுழைவது இங்கேதான். எண்ணின் கடைசியில், மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வரும் ஒரு சரிபார்ப்பு இலக்கம் வையுங்கள். அதற்கு லூன் என்ற கணக்கு முறையே போதும்: ஒற்றை இலக்கத் தவறு எல்லாவற்றையும், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறுவதில் 09-90 ஜோடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடித்துவிடும். வட்ட வில்லையில் இன்னொரு வில்லங்கம் உண்டு: எது மேல், எது கீழ் என்று தெரியாது. 6, 9 மட்டுமல்ல, 0, 1, 8 கூடச் சேர்ந்து 1689 என்பது தலைகீழாக 6891 ஆகும். துளையை எண்ணுக்கு மேலே மட்டும் வைப்பது, எண்ணுக்கு அடியில் கோடு போடுவது, முதலில் ஒரு எழுத்து சேர்ப்பது, இதில் ஏதாவது ஒன்றைச் செய்யச் சொல்லி வில்லை அடிப்பவரிடம் வற்புறுத்துங்கள்.

வில்லைகளை மறுபடி மறுபடி பயன்படுத்தும் நிறுவனங்களும் உண்டு. அப்படியென்றால் வில்லை எண்ணும் பதிவு எண்ணும் ஒன்றல்ல. பதிவு அட்டவணையில் வில்லை எண்ணுக்கு ஒரு கட்டம், அதற்கு 'திரும்ப வரக்கூடாது' என்ற கட்டுப்பாடு என்று வடிவமைத்தால், அதே வில்லை இரண்டாம் தடவை வரும் நாளில் உலை வாசலில் மென்பொருள் நின்றுவிடும். எந்த வில்லை, எந்தப் பதிவோடு, எப்போதிலிருந்து எப்போது வரை என்று தனி அட்டவணை வையுங்கள். திறந்திருக்கும் இணைப்பு ஒரு வில்லைக்கு ஒன்றுதான் என்பதை மட்டும் டேட்டாபேஸ் கட்டாயப்படுத்தட்டும்.

கைமாற்றுத் தொடரே மையம் என்பதால், அதன் பதிவுகளைத் திருத்தவும் அழிக்கவும் முடியாதபடி, சேர்க்க மட்டுமே முடிகிற வரிசையாக வையுங்கள். வந்தது, எடை போட்டது, எந்த ஃப்ரீசரில் எந்தத் தட்டு, எந்த உலைக்குள், வெளியே, ஆறியது, காந்தத்தால் உலோகம் நீக்கியது, அரைத்தது, கலசத்தில் இட்டது, வண்டியில் ஏறியது, கையில் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் யார், எந்தச் சாதனம், சாதனத்தின் நேரம், சர்வரின் நேரம் என்று நான்கும் வேண்டும். நேரம் இரண்டையும் வைப்பது வீண் வேலை போலத் தெரியும். டிரைவர் போனின் கடிகாரம் தவறாக ஓடிய அன்று 'கொண்டு வந்து சேர்ப்பதற்கு முன்பே எரித்தார்கள்' என்று அறிக்கை காட்டும்போதுதான் அதன் அருமை புரியும். தவறாகப் பதிந்தால் அழிக்கக் கூடாது. 'இது தவறு, காரணம் இன்னது' என்று இன்னொரு பதிவு சேர வேண்டும்.

எல்லா இடத்திலும் ஸ்கேனைக் கட்டாயமாக்கத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். எண் பொருந்தாவிட்டால் நிறுத்துவது சரி. நெட் இல்லை, ஸ்கேனர் சார்ஜ் இல்லை என்பதற்கெல்லாம் நிறுத்தினால், வேலை பார்ப்பவர் காகிதத்தில் எழுதிவிட்டு மாலையில் மொத்தமாக உட்கார்ந்து ஸ்கேன் செய்வார். அப்புறம் உங்கள் அழகான தொடர் முழுக்கக் கற்பனை. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன அறிக்கை போதும்: ஒரே ஆள், ஒரே சாதனம், அடுத்தடுத்த உலைப் பதிவுகளுக்கு இடையே சில விநாடிதான் இடைவெளி. உண்மையான வேலையில் அது நடக்கவே முடியாது. உரிமையாளருக்கு இந்த அறிக்கை வாராவாரம் போகட்டும். விற்பனைக்கும் இது உதவும், ஏனென்றால் தன் கூடத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்கே அப்போதுதான் தெரியவரும்.

டிரைவர் ஆப் நெட் இல்லாமல் முழுமையாக ஓட வேண்டும். கிளினிக்குகளின் ஃப்ரீசர் பெரும்பாலும் அடித்தளத்திலோ பின்கட்டிலோ இருக்கும், சிக்னல் வராது. ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள எண்ணை போனிலேயே உருவாக்குங்கள். ஒரே பதிவு மூன்று தடவை வந்தாலும் சர்வர் ஒன்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கேமராவால் ஸ்கேன் செய்வது டெமோவில் நன்றாக இருக்கும். கையுறையும், குளிரில் மூடிய லென்ஸும், உலைப்பக்கத்துச் சாம்பல் தூசியும் சேர்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். கூடத்துக்குள் கீபோர்டு போல இயங்கும் தனி ஸ்கேனரே நல்லது.

வழக்கமான பாதை எளிது. மென்பொருளின் தரம் தெரிவது விலகல்களில். உடற்கூறு ஆய்வுக்காக நிறுத்தி வைக்கச் சொன்ன உடல், வெறிநோய்ப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் உடல், குடும்பத்தார் நேரில் பார்க்க வருவதாகச் சொன்ன தகனம், பாதச்சுவடு எடுத்த பிறகே எரிக்க வேண்டியது. இவற்றுக்கெல்லாம் 'நிறுத்தி வை' என்ற ஒரே கொடி, காரணத்தோடு. அது எந்தக் கட்டத்திலும் போடக்கூடியதாகவும், உலை வாசல் திரையில் சிவப்பாகத் தெரிவதாகவும் இருக்க வேண்டும். கூட்டுத் தகனத்துக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் மனம் மாறி 'சாம்பல் வேண்டும்' என்று கூப்பிடுபவர்கள் வாராவாரம் உண்டு. உடல் இன்னும் ஃப்ரீசரில் இருந்தால் மாற்றலாம். அந்த போனை எடுப்பவருக்கு 'எந்த ஃப்ரீசர், எந்தத் தட்டு' என்று ஒரே தேடலில் தெரிய வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்விகள் சேர்க்கைப் படிவத்தில் கட்டாயம். பேஸ்மேக்கர் இருக்கிறதா? அதன் பேட்டரி உலைக்குள் வெடிக்கும். கதிரியக்க அயோடின் சிகிச்சை நடந்ததா? தைராய்டு மிகைப்பட்ட பூனைகளுக்கு அயோடின்-131 கொடுக்கிறார்கள். அதன் அரை ஆயுள் சுமார் 8 நாள், எனவே சிகிச்சை தேதியும் வேண்டும். அபூர்வம்தான், ஆனால் கேட்காத படிவம் மோசமான படிவம்.

மைக்ரோசிப்பும் ஒரு சரிபார்ப்பு. ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் 134.2 கிலோஹெர்ட்ஸில் படிக்கும் 15 இலக்க எண் அது; பழைய 125 கிலோஹெர்ட்ஸ் சிப்புகளும் உலவுகின்றன, அவற்றைப் படிக்காத ரீடர்களும் உலவுகின்றன. ஆகவே 'சிப் இல்லை' என்பதும் 'படிக்க முடியவில்லை' என்பதும் வேறு வேறு பதில்களாக இருக்கட்டும். எண்ணை டேட்டாபேஸில் எழுத்தாகவே சேமியுங்கள். காரணம் எக்செல்: 15 இலக்கத்தைப் பார்த்ததும் 9.85 பெருக்கல் பத்தின் அடுக்கு 14 என்று சுருக்கிக் காட்டும். அந்தக் கோப்பை யாராவது சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிந்ததுதான் கோப்பில் போகும், மீதி இலக்கங்கள் திரும்பி வராது. பழைய தரவை வாங்கும்போது இப்படிச் சிதைந்த சிப் எண்கள் கட்டாயம் கையில் சிக்கும்.

எடை இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. ஒன்று விலை. தகனக் கட்டணம் எடை அடுக்கின்படி இருக்கும். கிளினிக் 24 கிலோ என்று எழுதியது தகனக் கூடத்துத் தராசில் 27 காட்டினால் அடுக்கே மாறிவிடும். எத்தனை கிலோ வரை வித்தியாசத்தை விட்டுவிடுவது, அதைத் தாண்டினால் கிளினிக்குக்குத் தானாகச் செய்தி போவதா, யாராவது பார்த்து ஒப்புக்கொள்வதா என்பதை நிறுவனமே அமைத்துக்கொள்ள வசதி கொடுங்கள். தராசை நேரடியாக இணைத்தால் தட்டச்சுத் தவறு ஒழியும். பழைய தராசுகள் சீரியல் போர்ட்டில் வரிவரியாக எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். 'நிலைத்தது' என்ற குறியோடு வரும் வரியை மட்டும் எடுங்கள், தள்ளுவண்டியின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள்.

மற்றது கலசம். உயிரோடிருந்த எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 36 கனசென்டிமீட்டர் என்பது துறையில் புழங்கும் கணக்கு. 30 கிலோ நாய்க்கு சுமார் 1,080. அக்வாமேஷனில் இதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வரும். சாம்பல் என்பது அரைத்த எலும்புதான், கொழுப்பு சாம்பலாக மிஞ்சாது. ஆகவே பருத்த நாய்க்கு இந்தக் கணக்கு அதிகமாகக் காட்டும், ஒல்லியாக உயர்ந்த வேட்டை நாய்க்குக் குறைவாகக் காட்டும். மென்பொருள் அளவைப் பரிந்துரைக்கட்டும், முடிவெடுக்க வேண்டாம். கலசம் நிரம்பிக் கொஞ்சம் மீந்துவிட்டால் அந்த மீதியை என்ன செய்தார்கள் என்பதற்கும் ஒரு பதிவு வேண்டும்.

கலசத்தில் பொறிக்கும் பெயர்தான் அதிகம் திரும்பி வரும் பொருள். பெயரை டிரைவர் தட்டியதிலிருந்தோ கிளினிக் சுருக்கியதிலிருந்தோ எடுக்காதீர்கள். குடும்பத்தாருக்கு ஒரு இணைப்பு அனுப்பி, அவர்கள் தட்டியதை அப்படியே படமாகக் காட்டி, 'இப்படித்தான் பொறிப்போம்' என்று ஒப்புதல் வாங்குங்கள். பொறிக்கும் இயந்திரத்தின் எழுத்துருவில் இல்லாத எழுத்துகளையும் இமோஜிகளையும் தட்டும்போதே தடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உலோகத்தில் வெற்றுக் கட்டம் பொறிக்கப்பட்டு வரும்.

குடும்பத்தாருக்குப் போகும் செய்திகளை மின்வணிகத் தளங்களின் வார்ப்பிலிருந்து எடுக்கவே கூடாது. "நற்செய்தி! உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது" என்ற வரி ஆச்சரியக்குறியோடு இங்கே போய்ச் சேர்வதை நினைத்துப் பாருங்கள். 'ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்' செய்தி, கூடையில் விட்ட கலசத்துக்கான நினைவூட்டல், இரவு 11 மணிக்குக் கிளம்பும் தானியங்கிச் செய்தி எல்லாம் இயல்பாகவே அணைந்திருக்கட்டும். நிலவரப் பக்கத்தில் இரண்டே கட்டம் போதும்: எங்களிடம் வந்து சேர்ந்தது, பெற்றுக்கொள்ளத் தயார். 'இப்போது உலையில்' என்று நேரலை காட்டச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு, மறுத்துவிடுங்கள். எல்லாவற்றையும்விடக் கொடியது, கூட்டுத் தகனத்துக்குக் கொடுத்தவருக்கு 'சாம்பல் தயார்' என்று போகும் செய்தி. அந்த ஒரு பாதைக்கு மட்டும் தனியாகச் சோதனை எழுதி, அது தேறாமல் புதிய பதிப்பு வெளியே போகாதபடி வையுங்கள்.

பில்லிங்கில் கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான்: பணம் கட்டுவது பெரும்பாலும் குடும்பம் அல்ல, கிளினிக். ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு விலைப்பட்டியல், அதற்கு ஒரு தொடக்க தேதி, மாத முடிவில் ஒரே அறிக்கை. உடல் எடுக்கப்பட்ட அன்றைய விலையை அந்தப் பதிவிலேயே நகலெடுத்து வைத்துவிடுங்கள். விலைப்பட்டியலை மாற்றியதும் போன மாத அறிக்கையின் கூட்டல் மாறும் மென்பொருளை எந்தக் கணக்காளரும் மன்னிக்கமாட்டார். கிளினிக் வாசலில் இருப்பவர் ஒரு நிமிடத்துக்குள் ஆர்டரைப் பதிய முடியவில்லையென்றால் போனைத்தான் எடுப்பார், ஆகவே கிளினிக் படிவத்தில் ஆறேழு கட்டத்துக்கு மேல் வேண்டாம். தினமும் காலையில் இரண்டு பட்டியல் தானாக வர வேண்டும்: ஆர்டர் இருக்கிறது, உடல் வரவில்லை என்பது ஒன்று; உடல் இருக்கிறது, ஆர்டர் இல்லை என்பது மற்றது. கார்டு எண்களை உங்கள் சர்வர் பக்கமே வரவிடாதீர்கள், கட்டண நிறுவனத்தின் பக்கத்திலேயே முடியட்டும்.

உலையோடு இணைக்கச் சொல்லிக் கேட்பார்கள். வெப்பநிலைப் பதிவு சில இடங்களில் சட்டத் தேவையும்கூட. ஐரோப்பிய ஒன்றியத்தின் 142/2011 ஒழுங்குமுறை, எரிப்பில் வெளியாகும் வாயு 850 டிகிரியில் குறைந்தது 2 விநாடி, அல்லது 1,100 டிகிரியில் 0.2 விநாடி இருக்க வேண்டும் என்கிறது; அதை நிரூபிக்கப் பதிவு வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து மோட்பஸ் என்ற இயந்திரத் தொடர்பு முறை வழியாக வெப்பநிலையைப் படியுங்கள், அந்தந்தத் தகனத்தோடு சேர்த்து வையுங்கள். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உலையைத் தொடங்குவது, நிறுத்துவது, வெப்பத்தைக் கூட்டுவது எதையும் உங்கள் பக்கத்திலிருந்து எழுதக் கூடாது. அது வேறு காப்பீடு, வேறு தொழில். அன்றைய வரிசையைப் பரிந்துரைக்கலாம்: கொழுப்பு மிகுந்த பெரிய உடலை, சுவர் காய்ந்து தகிக்கும் பிற்பகலில் விடாமல், உலை குளிர்ந்திருக்கும் முதல் சுற்றில் வைப்பது பாதுகாப்பு.

ஒரு நிறுவனத்தைப் பழைய முறையிலிருந்து மாற்றுவதே இந்தத் தொழிலில் அதிகம் உழைப்பு கேட்பது. பழைய தரவை எல்லாம் ஒழுங்குபடுத்தி உள்ளே கொண்டுவர முயன்றால் மாதக்கணக்கில் இழுக்கும். முடிந்துபோன பதிவுகளைத் தேட மட்டும் முடிகிற ஒரு பட்டியலாகக் கொட்டிவிடுங்கள். கிளினிக்குகள், விலைப்பட்டியல், நடப்பில் இருக்கும் உடல்கள், இவை மட்டும் சுத்தமாக வரட்டும். மாறும் நாளைத் திங்கட்கிழமை வைக்காதீர்கள், வார இறுதியில் கிளினிக்குகளில் சேர்ந்ததெல்லாம் அன்றுதான் வரும். வாரத்தின் நடுவே ஒரு நாள், இந்த வரிசையில்:

1. முதல் நாள் மாலை உலைகள் நின்றதும், ஃப்ரீசரையும் சாம்பல் அலமாரியையும் இரண்டு பேர் சேர்ந்து கையால் எண்ணுவது. பழைய பட்டியலைப் பார்த்து எண்ணக் கூடாது. பொருளைப் பார்த்து எழுதிய பிறகே பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.
2. பொருந்தாதவற்றை அன்றே தீர்ப்பது. ஒன்றிரண்டு கட்டாயம் பொருந்தாது, பெரும்பாலும் எப்போதோ கொடுத்துவிட்டுப் பட்டியலில் அடிக்காமல் விட்ட சாம்பல்.
3. ஒவ்வொரு பைக்கும் புது டேக் ஒட்டுவது. பழைய டேக்கைக் கழற்றக் கூடாது. இரண்டு எண்ணும் பதிவில் இருக்க வேண்டும்.
4. மறுநாள் முதல் உலைச் சுற்றின்போது உங்கள் ஆள் கூடத்தில் நிற்பது. தொலைபேசியில் அல்ல, கூடத்தில்.

பழையதையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டச் சொல்வார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரட்டை வேலை என்றால் அவசரத்தில் ஒன்று விடுபடும். விடுபடுவது எப்போதும் புதியதுதான்.

சப்போர்ட் அழைப்புகளில் பெரும்பங்கு லேபிள் பிரிண்டருக்கு வரும். லேபிள் அளவு நகர்ந்துவிட்டது, பாதி அச்சாகிறது, பிரவுசர் அப்டேட் ஆனதும் அச்சே வரவில்லை. தொடக்கத்திலேயே ஒரே ஒரு பிரிண்டர் வகையை மட்டும் ஆதரிப்போம் என்று எழுதிவிடுங்கள். பிரவுசரின் அச்சுப் பெட்டியை நம்பாமல், உள்ளூர்க் கணினியில் ஓடும் ஒரு சின்ன நிரல் பிரிண்டரின் சொந்த மொழியில் நேரடியாக அனுப்பட்டும். ஒரு பிரிண்டரைக் கூடுதலாக உறையிட்டு அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். அதன் விலை ஒரு நாள் நின்றுபோன வேலையைவிடக் குறைவு. உலைகள் விடியற்காலையிலேயே பற்றவைக்கப்படும் என்பதால் அந்த நேரத்துக்கு யாராவது போனை எடுக்க ஆள் வேண்டும். சர்வர் விழுந்தால் என்ன செய்வது என்பதும் அச்சடித்த காகிதமாகவே கூடத்தில் தொங்க வேண்டும்: முன்கூட்டி எண் அடித்த படிவக் கட்டு, எழுதுகோல், பிறகு எப்படி உள்ளே ஏற்றுவது என்ற நான்கு வரி.

உள்கட்டமைப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரே நிரல், ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், வேறு இடத்தில் நகல், மாதம் ஒரு தடவை அந்த நகலிலிருந்து உண்மையாகவே மீட்டுப் பார்ப்பது. இத்தனை சின்னத் துறைக்கு, நிரலைப் பல தனிச் சின்ன நிரல்களாகப் பிரிக்கும் நுண்சேவைகள் தேவையில்லை.

விலையைப் பதிவுக்கு இவ்வளவு என்று வைக்கலாம், கிளைக்கு மாதம் இவ்வளவு என்றும் வைக்கலாம். பதிவுக்கு என்று வைத்தால் சின்ன நிறுவனத்துக்கு எளிது. ஆனால் கூட்டுத் தகன உடல்களைப் பதியாமல் விட்டுக் காசை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். தொடரில் ஓட்டை விழுவதற்கு உங்கள் விலையே காரணமாகிவிடும். கிளைக்கு மாதக் கட்டணம், அதில் பதிவு எண்ணிக்கைக்கு அகலமான இரண்டு மூன்று அடுக்கு, இதுவே பொருத்தம். ஆள் எண்ணிக்கைக்குக் காசு கேட்கவே வேண்டாம். கேட்டால் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைவார்கள், யார் ஸ்கேன் செய்தது என்ற கேள்விக்கு விடை போய்விடும். மாற்றும் நாளின் வேலைக்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள். இலவசமாகச் செய்தால் அந்த எண்ணும் வேலையை அவர்களும் ஏனோதானோவென்று செய்வார்கள்.

விற்பனை விளம்பரத்தில் நடக்காது. இந்தத் துறையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். துறைச் சங்கக் கூட்டங்களிலும், உலை விற்பவர்கள், கலசம் விற்பவர்கள் வாயிலாகவும்தான் பேர் பரவும். முதல் மூன்று வாடிக்கையாளர்களை வேறு வேறு அளவில் தேடுங்கள்: ஒரு உலை வைத்த குடும்ப நிறுவனம், பல வேன் ஓட்டி கிளினிக்குகளை நம்பி நடப்பது, குடும்பங்களிடம் நேரடியாக விற்பது. முதல் வாடிக்கையாளரின் பழக்கங்களை மட்டும் வைத்துக் கட்டியது இரண்டாமவரிடம் ஓடாது. தொடங்கும்போது மென்பொருளின் உரிமை யாருக்கு என்பதையும் முதல் வாடிக்கையாளரோடு எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அவர் காசு கொடுத்துச் செய்யச் சொன்னதை அவருடைய போட்டியாளருக்கு விற்கப் போகிறீர்கள்.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வரி முக்கியம். மென்பொருள் பதிவு செய்வது ஊழியர்கள் ஸ்கேன் செய்ததைத்தான், சாம்பலின் அடையாளத்துக்கு அது உத்தரவாதம் தராது என்பது ஒன்று; கூடவே இழப்பீட்டு வரம்பும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும். மற்றது, கேட்டால் தரவு முழுவதையும், ஸ்கேன் வரிசையோடும் புகைப்படங்களோடும், குறிப்பிட்ட நாட்களுக்குள் கொடுப்போம் என்பது. தனித்தனி தகனக் கூடங்களைப் பெரிய குழுமங்கள் வாங்கிச் சேர்ப்பது இந்தத் துறையில் நடந்துகொண்டே இருக்கிறது. வாங்கியதும் தங்கள் சொந்த மென்பொருளுக்கு மாற்றிவிடுவார்கள், உங்களால் தடுக்க முடியாது. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து கால் பங்கு வருமானத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தால், அது நடக்கும் மாதத்தில் சம்பளம் எங்கிருந்து வரும் என்று இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள். வெளியேறும் தரவை முறையாகக் கொடுத்து அனுப்புங்கள். அங்கே மேலாளராக இருந்தவர் வேறொரு தகனக் கூடத்தில் சேர்ந்து, அங்கிருந்து உங்களுக்குத்தான் போன் செய்வார்.